பட்டியலின் கடைசிப் பெயர்கள்

வாசகர் கேள்விகள் – ஆசிரியர் குழு பதில்கள்

"உங்கள் தொகுதியில் நின்ற எல்லா வேட்பாளர்களையும் நீங்கள் வாசிக்கும் பத்திரிகை ஒரு தடவையாவது சொன்னதா?" என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். நெல்லை, தென்காசிப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பதில்களைவிடக் கேள்விகள்தான் அதிகம். நிருபர்கள், நிற்கப் போகிறவர்களின் வீட்டார், வாக்காளர்கள் என்று மூன்று தரப்பும் எழுதியிருக்கிறார்கள். எட்டுக் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

ராதாபுரம் தொகுதிக்கு நான் பகுதிநேர நிருபர். தேர்தல் வந்தால் நாலு கட்சி வேட்பாளர் பேரைப் போட்டுவிட்டு, மிச்சப் பேரை 'சுயேச்சைகள் உட்பட இத்தனை பேர்' என்று செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் முடித்துவிடுகிறார்கள். கேட்டால் இடம் இல்லை என்கிறார்கள். இருக்கிற இடத்திலேயே எல்லாரையும் சொல்ல வழி உண்டா அண்ணாச்சி? – வள்ளியூர் வாசகர்

உண்டு. டெஸ்க்கில் பேசும்போது உங்கள் தொகுதியின் கணக்கையே எடுத்து வையுங்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் ஜெயித்த அ.தி.மு.க.வின் இன்பதுரைக்கும் தி.மு.க.வின் மு. அப்பாவுவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 49 வாக்குகள். அதே தேர்தலில் அதே தொகுதியில் கூடங்குளம் போராட்டத்தின் சுப. உதயகுமாரனும் நின்றார். அவர் வாங்கிய வாக்கு அந்த 49-ஐப் போலப் பல மடங்கு. அவர் நிற்காவிட்டால் அந்த வாக்குகள் யாருக்குப் போயிருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. அப்படிக் கணக்குப் போட்டு எழுதவும் கூடாது. ஆனால் 49-ல் முடிவு தொங்கிய தொகுதியில், வாக்குப்பதிவு இயந்திரத்தில் இருக்கும் ஒரு பெயரைக்கூட வாசகனுக்குச் சொல்லாமல் விட எந்த டெஸ்க்குக்கும் நியாயம் கிடையாது.

வேலையை வேட்புமனு தாக்கல் நாளில் தொடங்காதீர்கள். அன்றைக்கு மனுப் போடுகிறவர்களில் பாதிப் பேர் கடைசியில் களத்தில் இருக்க மாட்டார்கள். வாபஸ் பெறக் கடைசி நாள் மாலை 3 மணிக்குப் பிறகு தேர்தல் நடத்தும் அலுவலர் இறுதிப் பட்டியல் தயாரிப்பார். அதுதான் படிவம் 7ஏ. அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் எல்லாப் பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில் வருவார்கள், பதிவு மட்டும் பெற்ற கட்சிக்காரர்கள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. இயந்திரத்திலும் இதே வரிசைதான். உங்கள் செய்தியிலும் இதே வரிசையை வைத்து, 'இயந்திரத்தில் உள்ள வரிசைப்படி' என்று ஒரு வரி போட்டுவிட்டால் ஏன் அவரை முதலில் போட்டாய், இவரைக் கடைசியில் போட்டாய் என்ற சண்டையே வராது.

அடுத்தது பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26. தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே ஒவ்வொரு வேட்பாளருக்கும் கிடைக்கும். முழுதும் படிக்க நேரம் இல்லாவிட்டால் கடைசியில் வரும் 'ஆ' பகுதியைப் பாருங்கள். மொத்தத்துக்கும் சுருக்கம் அங்கே இருக்கும். வயது, படிப்பு, தொழில், நிலுவை வழக்கு, சொத்து, கடன் என்று குறித்துக்கொள்ளுங்கள். வேட்பாளரின் தொலைபேசி எண்ணும் இதே பத்திரத்தில் இருக்கிறது. 'சுயேச்சைகளைப் பிடிக்கவே முடியவில்லை' என்று சொல்லும் நிருபர் இந்தத் தாளைத் திறந்து பார்க்காதவர்.

பிறகு எல்லாருக்கும் ஒரே கேள்வியோடு போன் போடுங்கள்: "இந்தத் தொகுதியில் நீங்கள் முதலில் மாற்ற நினைப்பது எது? அதை எந்தத் துறை செய்ய வேண்டும்?" ஆளுக்கு ஒரு கேள்வி என்று மாற்றிக் கேட்டால் ஒப்பிட முடியாமல் போகும். மூன்று தடவை, மூன்று வெவ்வேறு நேரத்தில் முயலுங்கள். பனையேறி விடிகாலையில் மரத்தில் இருப்பார். பீடி சுற்றுகிற அம்மா மாலையில் கட்டுகளைக் கடையில் கொடுக்கப் போயிருப்பார். இரவு 7 மணிக்குமேல் பெரும்பாலும் கிடைப்பார்கள். மூன்று முறையும் கிடைக்காவிட்டால் 'தொடர்புகொள்ள இயலவில்லை' என்று அச்சிடுங்கள், பெயரையே எடுத்துவிடாதீர்கள்.

இடக் கணக்கு இதுதான். ஆளுக்கு 25 சொல். 20 வேட்பாளர் என்றால் 500 சொல். ஒரு மாதிரி:

'14. (பெயர்), சுயேச்சை. சின்னம் கிரிக்கெட் மட்டை. வயது 46. பனைத் தொழிலாளி. 8-ம் வகுப்பு. வழக்கு இல்லை. கேட்பது: பதனீர் இறக்கும் காலத்தில் போலீஸ் கெடுபிடி கூடாது, கருப்பட்டிக்குக் கூட்டுறவுக் கொள்முதல் வேண்டும்.'

இவ்வளவு போதும், அவர் யார் என்று தெரிந்துவிடுகிறது. ஒரே நாளில் 500 சொல்லுக்கு இடம் தர மறுத்தால், நாளொன்றுக்கு ஐந்து பேராக நான்கு நாள் கேளுங்கள். வாபஸ் நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும் என்பது சட்டம், ஆகவே அவகாசம் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. வரிசையை மட்டும் மாற்றக் கூடாது.

தவறு எங்கெல்லாம் வருகிறது என்றால், பெயரின் முதலெழுத்தில் அதிகம் வருகிறது. 'செ'யா 'சே'யா என்பதைப் போனில் கேட்டு எழுதாமல் 7ஏ-யில் உள்ளபடியே எழுதுங்கள். வாக்காளர் இயந்திரத்தில் பார்க்கப் போவது அந்தப் பெயரைத்தான். பதிவு பெற்ற சிறிய கட்சியின் வேட்பாளரைச் சுயேச்சை என்று எழுதிவிடுவது இன்னொரு தவறு. கொடி பிடித்துக் கட்சி நடத்துகிறவருக்கு அதைவிட அவமானம் இல்லை. பெரிய கட்சியின் மாற்று வேட்பாளர் விஷயத்திலும் கவனம் தேவை. அசல் வேட்பாளரின் மனு ஏற்கப்பட்டதும் மாற்று வேட்பாளரின் மனு தானாகவே தள்ளுபடியாகும். அவர் ஏதோ பிழை செய்து மனுவை இழந்ததுபோல 'மனு தள்ளுபடி' என்று தனித் தலைப்புப் போடாதீர்கள். மக்களவைத் தேர்தலில் நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆலங்குளம் இப்போது தென்காசி மாவட்டம்; ஆனால் மக்களவைக்குத் திருநெல்வேலி தொகுதி. மாவட்ட வாரியாகப் பக்கம் கட்டினால் ஆலங்குளம் வாசகனுக்குத் தென்காசி தனித்தொகுதிப் பட்டியல் போய்ச் சேரும். அவன் வாக்களிக்கும் பட்டியல் சேராது. டெஸ்க்குக்கு இதை எழுத்திலேயே நினைவூட்டுங்கள்.

2021-ல் எங்கள் ஊரில் நகை போட்டுக்கொண்டு நின்றவரை எல்லா டிவியும் காட்டியது. நகையைத் தவிர வேறொன்றையும் யாரும் கேட்கவில்லை. அவர் வாங்கிய வாக்கைப் பார்த்த பிறகு எங்களுக்கே திகைப்பாக இருந்தது. இது யார் தவறு? – ஆலங்குளம் வாசகர்

நிருபர்கள் தவறு. பனங்காட்டுப் படை கட்சியைச் சேர்ந்த ஹரி நாடார் அந்தத் தேர்தலில் ஆலங்குளத்தில் 37 ஆயிரத்துக்கும் மேல் வாங்கினார். டெபாசிட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவு அது. ஜெயித்த மனோஜ் பாண்டியனுக்கும் அடுத்து வந்த பூங்கோதை ஆலடி அருணாவுக்கும் இருந்த வித்தியாசம் 3,500-ஐ ஒட்டித்தான். வித்தியாசத்தைப் போலப் பத்து மடங்கு வாக்கு வாங்கப் போகிற ஒருவரை, தேர்தலுக்கு முன்னால் எடை போட்ட கேமராக்கள் அவர் கழுத்தை மட்டும் எடை போட்டன. அந்த வாக்கு எங்கே திரண்டது, எந்த ஊர்க் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், அவருக்காக வீடு வீடாகப் போனவர்கள் யார் என்று கேட்டிருந்தால் முடிவு வந்த நாளில் உங்களுக்கு அந்தத் திகைப்பு இருந்திருக்காது.

கேட்க விட்டதை முடிவுக்குப் பிறகாவது பார்க்க வழியிருக்கிறது. படிவம் 20 என்று ஒன்று உண்டு. வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை என்பதன் முழு அட்டவணை. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தொகுதிதோறும் கிடைக்கும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக பூத் எண்; மேலே இடமிருந்து வலமாக வேட்பாளர்கள்; வலக்கோடியில் செல்லுபடியான மொத்தமும் நோட்டாவும்; கடைசியில் தபால் வாக்கு. தாளில் அச்செடுத்து, நீங்கள் தேடும் வேட்பாளரின் பத்தியில் ஒரு அடிக்கோலை நட்டுக்குத்தலாக வையுங்கள். கோலை ஒட்டி மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினால் 4, 2, 5, 3, 6 என்று போய்க்கொண்டிருக்கும் எண்கள் ஓரிடத்தில் 88, 112, 95 என்று எழும்பும். அந்த பூத் எண்களை வாக்குச்சாவடிப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

எழும்பிய பூத்கள் ஒரே ஊராட்சியைச் சுற்றி இருந்தால் அங்கே உள்ளூர்ப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. மறுநாளே அந்த ஊருக்குப் போங்கள். ஒரே ஒரு பூத்தில் மட்டும் எழும்பினால் அது பெரும்பாலும் அவருடைய சொந்த ஊர். எங்குமே எழும்பாமல் தொகுதி முழுக்க நாலும் ஐந்துமாகச் சிதறியிருந்தால், பெயரோ சின்னமோ வேறொருவருடையதைப் போல இருந்து கைதவறி விழுந்த வாக்காக இருக்கலாம். இவையெல்லாம் விசாரணை தொடங்குவதற்கான தடயங்கள். இதையே முடிவாக எழுதிவிடக் கூடாது. இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறோம். ஒரு பூத் என்பது நம் ஊரில் சில தெருக்கள். எண்ணைப் பார்த்து 'இன்ன தெருவார் இன்னாருக்குப் போட்டார்கள்' என்று எழுதுவது அந்தத் தெருவைக் காட்டிக் கொடுப்பது. ஊராட்சி அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நோட்டாவையும் சேர்த்துத்தான் டெபாசிட் கணக்குப் பார்ப்பார்களா? – கடையநல்லூர் வாசகி

சேர்க்க மாட்டார்கள். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். நோட்டா அந்தச் செல்லுபடிக் கணக்கில் வராது. நோட்டா நீங்கலாக 1,50,000 வாக்கு என்றால் ஆறில் ஒரு பங்கு 25,000. சரியாக 25,000 வாங்கினாலும் போச்சு, 25,001 வேண்டும். கட்டிய தொகை சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு இதில் பாதி. அவர்கள் பொதுத் தொகுதியில் நின்றாலும் பாதிதான்.

என் அத்தான் சுயேச்சையாக நிற்க முடிவு செய்திருக்கிறார். கால்வாய்த் தண்ணீருக்காகப் பத்து வருஷமாக மனுப் போடுகிறவர். வேஷம் கட்டினால்தான் டிவிக்காரர்கள் வருவார்கள் என்று கூட இருப்பவர்கள் ஏற்றிவிடுகிறார்கள். டெபாசிட்டை ஒற்றை ரூபாய்க் காசாக மூட்டையில் கொண்டுபோகலாம் என்றும் ஒரு யோசனை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? – அம்பாசமுத்திரம் வாசகி

சகோதரி, மூட்டை வேண்டாம். பத்தாயிரம் ஒற்றை ரூபாய்க் காசு 30 கிலோவுக்கு மேல் வரும். 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு தடவையில் 1,000 ரூபாய் வரைக்கும்தான் காசாகக் கொடுப்பது செல்லும். அதற்கு மேல் வாங்க அதிகாரி கடமைப்பட்டவர் இல்லை. பெரிய மனது பண்ணி வாங்கிக்கொண்டாலும் எண்ணி முடிக்க நேரம் ஆகும். மறுநாள் பத்திரிகையில் மூட்டையின் படம் வரும். கால்வாயைப் பற்றி ஒரு வரி வராது. பத்து வருஷ உழைப்பை அந்த மூட்டை மறைத்துவிடும் என்பதுதான் எங்கள் கவலை.

செய்திக்கு முன்னால் மனு நிற்க வேண்டும். சுயேச்சைக்கும் அங்கீகாரம் இல்லாத கட்சிக்காரருக்கும் முன்மொழிபவர் 10 பேர் வேண்டும். பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். பாகம் எண், வரிசை எண்ணை இப்போதைய பட்டியலில் பார்த்து எழுதுங்கள். பழைய பட்டியல் எண் அங்கேதான் காலை வாரும். ஒரு கையெழுத்துத் தவறினால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க நான்கு மனு வரைக்கும் போடலாம். வெவ்வேறு பத்துப் பேரை வைத்து இரண்டாவது ஒன்று போட்டுவையுங்கள். டெபாசிட் ஒன்றுதான். பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது. 'இல்லை' அல்லது 'பொருந்தாது' என்று எழுத வேண்டும். மனுக் கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்னால், உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். தாக்கல் செய்த கையோடு அதே அறையிலேயே முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். போராட்ட வழக்கு ஏதாவது அத்தான்மீது நிலுவையில் இருந்தால், சி-1 படிவத்தில் அதைப் பத்திரிகையிலும் டிவியிலும் மூன்று வெவ்வேறு நாளில் விளம்பரமாகக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. அந்தச் செலவை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

இனி பத்திரிகை. மனுத் தாக்கல் காலை 11 முதல் மாலை 3 வரை. பெரிய கட்சிகள் நல்ல நாள் பார்த்துக் கடைசி இரண்டு மூன்று நாளில் ஊர்வலமாக வரும். அன்றைக்கு உங்கள் அத்தான் கூட்டத்தில் காணாமல் போவார். முதல் இரண்டு நாளில் நிருபர்கள் தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் செய்தி கிடைக்காமல் காத்திருப்பார்கள். அப்போது போங்கள். உள்ளே வேட்பாளரோடு நான்கு பேர்தான் போகலாம், 100 மீட்டருக்குள் மூன்று வாகனம்தான் என்பதும் நினைவிருக்கட்டும்.

கையில் ஒரே ஒரு பக்கம் தட்டச்சு செய்த குறிப்பு இருக்கட்டும். முதல் வரியில் மனுவில் உள்ளபடி பெயர், வயது, ஊர், தொழில். இரண்டாவது வரியில் கோரிக்கை, ஒன்றே ஒன்று. 'விவசாயிகள் நலன் காப்பேன்' என்று எழுதினால் எந்த நிருபரும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடுவார். எந்தக் கால்வாய், எந்த மடையிலிருந்து எந்த மடை வரை எத்தனை கிலோமீட்டர் தூர் வாரவில்லை, எத்தனை குளத்துக்குத் தண்ணீர் போகவில்லை என்று எழுதுங்கள். கூடவே ஆதாரத்தின் நகல். திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாளில் கொடுத்த மனுக்களின் ரசீதுகள் பத்து வருஷத்துக்கும் இருந்தால் அவற்றை நாள் வரிசையில் ஒரு தாளில் ஒட்டிக் காட்டினாலே அது படமாகும். மூட்டையைவிட நல்ல படம். முகப் படம் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக, வெள்ளைப் பின்னணியில் ஒன்று. அதுவே இயந்திரத்துக்கும் ஆகும். மாவட்டப் பக்கம் மாலையிலேயே கட்டிவிடுவார்கள் என்பதால் பிற்பகல் 2 மணிக்குள் குறிப்பைக் கொடுத்துவிடுங்கள்.

ஒருநாள் செய்தியோடு நின்றுவிடக் கூடாது. சின்னம் கிடைத்த அன்று ஒரு முறை, கால்வாய் மடையிலேயே நிருபர்களைக் கூப்பிட்டு ஒரு முறை. அதற்கு மேல் தினம் தினம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் பார்க்காமலே அழித்துவிடுவார்கள்.

உள்ளூர் சேனல் ஒன்று, 'பேட்டி பேக்கேஜ்' என்று 15 ஆயிரம் கேட்கிறது. எங்கள் வேட்பாளர் சிறிய கட்சி. விளம்பரம் என்று போடமாட்டார்களாம், செய்தியாகவே வருமாம். வாங்கலாமா? – சங்கரன்கோவில் வாசகர்

வாங்காதீர்கள். பணம் கொடுத்துச் செய்தியாக வருவதற்குப் பெயரே 'காசு கொடுத்த செய்தி'. மாவட்டந்தோறும் ஊடகச் சான்று மற்றும் கண்காணிப்புக் குழு இதற்காகவே உட்கார்ந்திருக்கிறது. குழு சந்தேகப்பட்டுச் சொன்னால், செய்தி வந்த 96 மணி நேரத்துக்குள் வேட்பாளருக்கு நோட்டீஸ் வரும். 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் ஏற்கப்படாவிட்டால் அந்த நேரத்துக்கான விளம்பரக் கட்டணம் அவருடைய செலவுக் கணக்கில் ஏறும். கணக்கை மறைத்தால் இன்னும் மோசம். உத்தரப் பிரதேசம் பிசௌலி தொகுதியில் 2007-ல் ஜெயித்த உம்லேஷ் யாதவ், இப்படிப்பட்ட செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011 அக்டோபரில் மூன்றாண்டு தகுதியிழப்புக்கு ஆளானார்.

அதே 15 ஆயிரத்தில் நேரான விளம்பரம் கொடுங்கள். டிவி, கேபிள், வானொலி, சமூக ஊடக விளம்பரத்துக்கு ஒளிபரப்புக்கு மூன்று நாள் முன்னதாக அதே குழுவிடம் எழுத்து வடிவமும் பதிவும் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். பத்திரிகை விளம்பரத்துக்கு வாக்குப்பதிவு நாளுக்கும் அதற்கு முந்தின நாளுக்கும் மட்டும் சான்று தேவை. நோட்டீஸ் அடித்தால் அச்சகத்தார் பெயரும் வெளியிடுபவர் பெயரும் முகவரியோடு அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. சிறிய வேட்பாளர்கள் அதிகம் மாட்டுவது இந்த நோட்டீஸில்தான்.

ஒரே பெயரில் மூணு பேர் நிற்கிறார்கள். இதில் நிஜமாக நிற்பவர் யார், குழப்ப நிறுத்தப்பட்டவர் யார் என்று பத்திரிகை சொல்லலாமா? – திசையன்விளை வாசகர்

உறுதியான சான்று இல்லாமல் 'டம்மி' என்று எழுதக் கூடாது. பெயர் ஒத்திருப்பது குற்றம் இல்லை. ஆனால் வாசகனுக்கு வேறுபடுத்திக் காட்டுவது கடமை. 2024-ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது அதே ஓ. பன்னீர்செல்வம் என்ற பெயரில் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். இப்படி வரும்போது பெயரை மட்டும் போட்டால் செய்தியே குழப்பத்துக்குத் துணைபோகும். வரிசை எண், சின்னம், படம், ஊர் நான்கையும் ஒரே கட்டத்தில் சேர்த்துப் போடுங்கள். விதிப்படி தொழிலோ ஊரோ சேர்த்துப் பெயரை வேறுபடுத்த வேண்டும். அலுவலர் என்ன சேர்த்திருக்கிறார் என்று 7ஏ-யில் பார்த்து அதையே பயன்படுத்துங்கள். பிறகு மூவரிடமும் போய், நிற்கும் காரணத்தையும் முன்மொழிந்த பத்துப் பேர் யார் என்பதையும் கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடி போடுங்கள். மீதியை வாசகர் புரிந்துகொள்வார்.

ஜெயிக்க வாய்ப்பே இல்லாதவருக்கும் சம இடம் கொடுத்தால் வாசகனுக்குத்தானே நட்டம்? – பாளையங்கோட்டை, இதழியல் மாணவி

சம இடம் என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டு அடுக்கு வேண்டும் என்கிறோம். முதல் அடுக்கு எல்லாருக்கும் ஒன்று: மேலே சொன்ன 25 சொல். அதில் யாருக்கும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இரண்டாவது அடுக்கு ஆசிரியரின் தீர்ப்பு. அதற்கு அளவுகோல் இருக்க வேண்டும். 'பெரிய கட்சியா, பெரிய பெயரா' என்பது மட்டுமே அளவுகோல் என்றால் தவறிவிடுவீர்கள். 1967-ல் விருதுநகரில் தி.மு.க. சார்பில் நின்று காமராஜரையே தோற்கடித்த பெ. சீனிவாசன் ஒரு மாணவர் தலைவர். வித்தியாசம் 1,285 வாக்கு. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் குக்கர் சின்னத்தில் ஜெயித்த டி.டி.வி. தினகரன் சட்டக் கணக்கில் ஒரு சுயேச்சை. சுயேச்சை என்ற சொல்லுக்குள் இப்படிப்பட்டவரும் இருக்கிறார்.

நாங்கள் பார்க்கச் சொல்வது: தொகுதியில் எத்தனை பூத்துக்கு அவரால் ஏஜென்ட் போட முடிகிறது, முந்தைய உள்ளாட்சித் தேர்தலில் அவரோ அவரோடு நிற்பவர்களோ வாங்கியது என்ன, அவர் எழுப்பும் பிரச்சினையைப் பெரிய கட்சிகள் தொடாமல் விட்டிருக்கின்றனவா. கடைசியாகச் சொன்னதற்குத்தான் நாங்கள் அதிக மதிப்புத் தருவோம். பல தேர்தல்களில் நிற்பதே ஒரு கோரிக்கை மனுதான். 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வைத்தார்கள். சட்டமன்ற டெபாசிட் அப்போது வெறும் 250 ரூபாய். அதே ஆண்டு அன்றைய ஆந்திராவின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் குடிநீரில் ஃபுளோரைடு பிரச்சினைக்காக 480 பேர் களத்தில் நின்றார்கள். டெபாசிட்டை உயர்த்திய பிறகும் 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 வேட்பாளர்கள். பெரும்பாலோர் மஞ்சளுக்கு விலை கேட்ட விவசாயிகள். இவர்களில் யார் ஜெயிப்பார் என்று கேட்பது வீண். ஏன் நிற்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் எழுதுகிறவர்தான் நிருபர். மேட்டூர் பத்மராஜன் 1988-லிருந்து 200 தடவைக்கு மேல் மனுப் போட்டிருக்கிறார். அவரைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. தோற்பதற்கென்றே ஒருவர் ஆயுள் முழுக்கத் தேர்தலுக்கு வருவது எதனால் என்று அவர் வாயிலிருந்தே ஒரு பக்கம் வாங்கலாம் இல்லையா?

ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் தேர்தல் நேரத்தில் இலவசமாக ஒதுக்கும் பேச்சு நேரம் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு மட்டும்தான். சுயேச்சைக்கு வானொலி நிலையத்திலும் அந்தக் கதவு திறக்காது. ஆக, மாவட்டப் பக்கத்தில் வரும் அந்த 25 சொல்தான் பலருக்கு மொத்தத் தேர்தலிலும் கிடைக்கும் ஒரே இடம். வாசகனுக்கு அதில் என்ன நட்டம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. வாக்குச்சாவடிக்குள் போனபிறகுதான் முதல்முதலாக ஒரு பெயரைப் பார்க்கிறான் பாருங்கள், அதுதான் நட்டம்.

வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாள் 'இத்தனை பேர் டெபாசிட் காலி' என்று ஒரு கட்டம் போடுவதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எழுத என்ன இருக்கிறது? – களக்காடு வாசகர்

இரண்டு விஷயம் இருக்கிறது. டெபாசிட் கட்டத்தில் பெயர், வாக்கு, சதவீதம் மூன்றையும் போடுங்கள். 300 வாங்கியவரும் 20 ஆயிரம் வாங்கியவரும் ஒரே 'காலி'யில் அடங்க மாட்டார்கள்.

இன்னொன்று செலவுக் கணக்கு. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதவரும் 'செலவு இல்லை' என்று கொடுத்தாக வேண்டும். தோற்ற சுயேச்சைகள் பலர், 'நாம்தான் தோற்றுவிட்டோமே, இனி என்ன' என்று விட்டுவிடுகிறார்கள். தகுந்த காரணம் இல்லாமல் கொடுக்காதவரை மூன்று ஆண்டுக்குத் தேர்தலில் நிற்கத் தகுதி நீக்கம் செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு மனுப் போடும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. எண்ணிக்கை முடிந்த 20-வது நாள் ஒரு சின்னச் செய்தி போடுங்கள்: கடைசித் தேதி எது, எந்த அலுவலகம், கொண்டுபோக வேண்டிய பதிவேடு, வங்கிக் கணக்குப் புத்தகம், ரசீதுகள் எவை என்று. களக்காட்டிலிருந்து கொக்கிரகுளத்துக்கு ஒரு நாள் அலைச்சல் அது. இரண்டு முறை அலையாமல் இருக்க அந்த நாலு வரி உதவும்.